பதினான்கு பெயர்கள், ஒரே கைரேகை

தெஃபெரா தெஸ்ஸி என்ற தன் ஊரைவிட்டுக் கிளம்பியது மெஸ்கெல் என்ற சிலுவைத் திருவிழாவுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. வெள்ளி விரதநாள், ஆடு வெட்ட முடியாது என்பதால் விருந்தைத் திருவிழாவன்றே முடித்துவிட்டார்கள். முந்தின நாள் தின்ற இரண்டு ஆடுகளின் தெம்பில் மறுநாள் காலை தெருவே நின்று அழுதது. எழுபத்தெட்டு வயசுக்காரர் அமெரிக்கா போகிறார், இனி யார் நம்மைத் திட்டுவார் என்று பெண்கள் ராகம் போட்டார்கள். தெஃபெராவும் வெள்ளைப் போர்வையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரிடம் விசா இல்லை. டிக்கெட் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம்கூட எடுத்திருக்கவில்லை. இருந்ததெல்லாம் மகள் ஸெனபெச் பத்து நாள் முன்பு அமெரிக்காவிலிருந்து போனில் சொன்ன இரண்டு வாக்கியங்கள்: "அபாயே, குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுட்டேன். அது கிடைச்சதும் உங்களை இங்க கூட்டிக்கிறதுதான் முதல் வேலை." தெஃபெரா பொறுமைக்காரர் அல்ல. முதல் வேலை என்றால் முதல் வேலைதான் என்று கட்டிலைப் பக்கத்து வீட்டுக்கும், கோழிகளைக் கோயிலுக்கும் கொடுத்துவிட்டார்.

கொடுத்ததில் பெரியது ஒரு சாவிக்கொத்து. தெருவில் சாவு விழுந்தால் கூடாரம் போட்டு, அண்டா ஏற்றி, மூன்று நாள் சோறாக்கிப் போட ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சங்கம் உண்டு, இதிர் என்பார்கள். அந்தச் சங்கத்தின் கூடாரமும் நாற்பது அண்டாக்களும் இருபத்திரண்டு வருடமாக தெஃபெராவின் பூட்டுக்குள் இருந்தன. பேருந்து கிளம்பும் முன்பு அந்தச் சாவியை அவர் அயலேவிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பதினோரு வருடமாக அவரோடு பேச்சு வார்த்தை இல்லாத அதே சங்கத்து ஆள். சாவியை வாங்கிய அயலேவ் தோளோடு தோள் மூன்று முறை இடித்து முத்தமிட்டு, "அங்கேயே நல்லா இருங்க, அண்ணே. திரும்பி வந்து கஷ்டப்படாதீங்க" என்றார்.

பேருந்து அவரை அடிஸ் அபாபாவில் மகன் தெரெஜேயின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. நாலாவது மாடி, இரண்டு அறை, ஏற்கெனவே நாலு பேர்.

"ரெண்டே மாசம்மா" என்றார் மருமகள் சிந்தாயெஹுவிடம்.

சிந்தாயெஹு நல்லவள். காபி வறுத்து வரவேற்றாள்.

*

இனி ஸெனபெச்சைப் பற்றி. வயது நாற்பத்தொன்பது. அமெரிக்க விசா லாட்டரியில் பெயர் விழுந்து அமெரிக்கா வந்தவள். சில்வர் ஸ்பிரிங் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் ஆறு மாடிக் கார் நிறுத்தத்தில், வெளியேறும் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் அவள். கார் வரும், சீட்டை வாங்குவாள், கட்டை மேலே போகும். ஒரு நாளைக்கு நானூறு முறை "போய் வாங்க, உடம்பைப் பார்த்துக்குங்க" என்று சொல்லுவாள். டாக்டர்களுக்கும் அதையேதான் சொல்வாள்.

அவளிடம் ஒரே கோளாறு, நேர்மை. அதுவும் கேட்காத இடத்திலும் கொட்டுகிற நேர்மை. ஒருமுறை பேருந்தில் பின்கதவு வழியாக ஏறிவிட்டு, மனசு கேட்காமல் இறங்கும்போது ஓட்டுநரிடம் போய்ச் சொன்னாள். ஓட்டுநருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி, மன்னிச்சுட்டேன்" என்றார்.

இப்படிப்பட்டவள் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பப் போன இடம் கஷே லெம்மாவின் கடை. கஷே என்றால் ஐயா. சாம்பிராணி, காபிச் சட்டி, போன் அட்டை எல்லாம் விற்கும் கடையில் ஒரு மூலையில் மேசை போட்டு லெம்மா விண்ணப்பம் நிரப்பித் தருவார். ஊரில் பூகோள வாத்தியார். எந்த விண்ணப்பத்தையும் பரீட்சைத் தாள் போலவே பார்ப்பார். விடை எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பெண் என்பது அவர் நம்பிக்கை.

"வேற பேர் ஏதாவது உண்டா?" என்று கேள்வியைப் படித்தார்.

"கூப்பிடற பேரா, கஷே?"

"'வேற பேர்'னுதான் கேட்டிருக்கான். கேட்டா முழுசாச் சொல்லணும். இவன்கிட்ட எதை வேணா செய்யலாம், மறைக்க மட்டும் கூடாது. பின்னாடி தெரிஞ்சா பொய்க்காரின்னு முத்திரை குத்திருவான்."

ஸெனபெச்சுக்கு வியர்த்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு பிள்ளைக்கு ஒரே பெயர் என்பது அவர்கள் ஊரில் பிள்ளையை யாரும் கொஞ்சவில்லை என்பதற்கு அடையாளம். மழை கொட்டிய நாளில் பிறந்ததால் அப்பா வைத்த பெயர் ஸெனபெச். அம்மா கூப்பிட்டது எனாத்தலெம். அம்மாவின் அக்கா இரண்டையும் ஏற்காமல் மிந்த்வாப் என்றாள், என்ன அழகு என்று அர்த்தம். அப்பாவின் தங்கை, அடுத்த வீட்டில் அதே மாதம் பிறந்த குழந்தைக்குப் போட்டியாக, எல்லோரையும் மிஞ்சினவள் என்று அர்த்தம் வருகிற பெலெத்ஷாச்சு என்ற பெயரைச் சுவருக்கு அப்பாலும் கேட்கும்படி கூப்பிட்டாள். ஞானஸ்நானத்தில் வலத்த மரியம். கல்யாணமாகிப் போன வாசலில் மாமியார் தன் பங்குக்கு தின்க்னேஷ் என்று வைத்தாள். கல்யாணம் நாலு வருடத்தில் முடிந்துபோனது, பெயர் மட்டும் மிச்சம். இதுபோக நம்மூரில் பாப்பா என்பதைப் போல, தெருவே கூப்பிட்டது மாமித்தே.

"எழுதிட்டேன். அடுத்து?"

"ரொட்டி சுடற அம்மா ஒரு பேர் சொல்லிக் கூப்பிடும். அது வேணுமா?"

"ரொட்டிக்காரம்மா பொய்யா சொல்லப்போறா? சொல்லுங்க."

பதினான்கு வந்தது. விண்ணப்பத்தில் இருந்த கட்டத்துக்குள் இரண்டு பெயருக்குத்தான் இடம். லெம்மா தனித்தாள் ஒன்று சேர்த்து, வரிசை எண் போட்டு, யார் கூப்பிட்டது என்ற விவரத்தோடு தட்டச்சு செய்தார். முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இருபது வருஷமா நிரப்பறேன். இவ்வளவு முழுமையான விண்ணப்பத்தைப் பார்த்ததில்லை."

குடியுரிமை அலுவலகமும் பார்த்ததில்லை.

*

கைரேகை எடுக்கக் கூப்பிட்டார்கள். பத்து விரலையும் உருட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

அடுத்த கூண்டில் வேலை செய்யும் ஹிருத் அவளுக்கு எட்டு மாதம் பின்னால் விண்ணப்பித்தவள். ஹிருத்துக்கு நேர்காணல் வந்தது. ஹிருத் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். நட்சத்திரமும் கோடும் போட்ட கேக்கைக் கூண்டு கூண்டாகக் கொண்டு வந்து கொடுத்தாள்.

"எடுத்துக்கடி, என் நாட்டுக் கேக்கு" என்றாள். "வெளிநாட்டுக்காரங்களுக்கும் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"நீ பரீட்சைல என்னடி சொன்ன?"

"கேட்டதுக்குச் சொன்னேன். வேற பேர் உண்டான்னு கேட்டான், இல்லைன்னேன்."

"உன்னைய உங்க அம்மா கூச்சின்னு கூப்பிடுவாங்களே!"

"அது எங்க அம்மாவுக்கும் எனக்கும். இவனுக்கு எதுக்கு?"

ஸெனபெச் கேக்கைத் திருப்பி வைத்தாள். இப்படியுமா ஒருத்தி பொய் சொல்லுவாள் என்றுதான் அப்போது நினைத்தாள்.

அடிஸ் அபாபாவிலிருந்து மதிய இடைவேளையில் போன் வரும். அங்கே அப்போது சாயங்காலம். முதல் வருடம் தெரெஜே பேசினான். இரண்டாம் வருடம் சிந்தாயெஹு போனைப் பிடுங்கி, எத்தியே, அதாவது அக்கா, என்று பேச ஆரம்பித்தாள்.

"எத்தியே, உங்க அப்பாவைப் பத்தி ஒண்ணும் தப்பாச் சொல்லலை. ஆனா விடிஞ்சதும் நாலு மாடி இறங்கிப் போயி, வாசல்ல காவல்காரனை எழுப்பி, 'தூங்கறியா?'ன்னு கேட்டுட்டு மேல வர்றாரு. தினமும். போன வாரம் அவன் வேலைய விட்டுட்டுப் போயிட்டான்."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறமென்ன? இப்போ இவரே அந்த நாற்காலில உட்கார்ந்துக்கிட்டு, வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் எந்த ஊரு, யாரு மகன்னு விசாரிக்கிறாரு. மூணாம் மாடிக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை விசாரிச்சே திருப்பி அனுப்பிட்டாரு! எத்தியே, பாஸிகா பண்டிகை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல தெஸ்ஸி பஸ்ஸுல ஏத்திடுவேன். என் பிள்ளைங்க சமையலறைல படுக்குது."

பின்னாலிருந்து தெஃபெராவின் குரல் வந்தது. "தெஸ்ஸிக்கா? என்னையா? குடு இப்படி."

போன் கை மாறியது.

"அபாயே, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இருக்கா? யோசிச்சுப் பாரு. தெஸ்ஸில சாவியைக் குடுத்துட்டேன், சங்கத்துலேர்ந்து பேரை அடிச்சுட்டாங்க. இந்த ஊர்ச் சங்கத்துல புதுசா யாரையும் சேர்க்கலை. எந்தச் சங்கத்துலயும் இல்லாத மனுஷன் நான். சாகக்கூட முடியாது, கூடாரம் போட ஆளில்லை!"

"தெஸ்ஸில போடாம விட்டுடுவாங்களா, அபாயே?"

"போடுவான். அயலேவ் போடுவான். கோணலாப் போடுவான். நான் பாட்டுக்கு மல்லாந்து படுத்துக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணுமா?" மூச்சு வாங்கினார். "உங்க ராஜா என்னதான் சொல்றாரு?"

"இங்க ராஜா இல்லை, அபாயே."

"அதான் வேலை நடக்கமாட்டேங்குது."

போனை வைத்த பிறகு அன்று ஸெனபெச் மூன்று காருக்குச் சீட்டே வாங்காமல் கட்டையைத் தூக்கிவிட்டாள். ரெண்டு மாசம் என்று கிளம்பியவர் ஒன்றரை வருடமாகப் பாதி வழியில் நிற்கிறார். நிற்க வைத்தது தன் இரண்டு வாக்கியம்.

*

வழி காட்டியது ஒரு நீலக் கார். ஆஸ்பத்திரி எதிரில் அலுவலகம் வைத்திருந்த வக்கீலம்மா ஒருவர் தினமும் மாலை ஐந்தரைக்கு அந்தக் காரில் வெளியேறுவார். ஸெனபெச் ஒருநாள் கட்டையைத் தூக்காமல், "மேடம், குடியுரிமை நேர்காணல் வரலைன்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டுவிட்டாள். பின்னால் ஏழு கார். வக்கீலம்மாவுக்குப் பதில் சொல்ல இருபது வினாடிதான் கிடைத்தது.

"உங்க பேர்ல ஒரு கோப்பு இருக்கும்" என்றார் திங்கட்கிழமை. கட்டை மேலே போனது.

"அதுல நகல் குடுன்னு கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கு" என்றார் செவ்வாய்க்கிழமை.

"யார்கிட்ட, மேடம்?" என்பதற்குப் புதன்கிழமை பதில் வந்தது. எந்தப் படிவம் என்பதற்கு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார், ஹிருத் அவரைத் தன் கூண்டில் மடக்கி மிச்சத்தைக் கேட்டு வாங்கினாள். இப்படிப் பதினோரு நாள் தவணையில், பாதி ஹாரன் சத்தத்தோடு, ஸெனபெச் முழு ஆலோசனையும் பெற்றாள்.

படிவத்தை இந்தமுறை லெம்மாவிடம் கொண்டு போகவில்லை. ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையில் ஹிருத் பேனா பிடித்தாள்.

"வேற பேர்கள்னு இருக்கு. விட்டுடவா?"

"விட்டா எப்படி? அங்க பதினாலு எழுதிட்டு இங்க ஒண்ணும் இல்லைன்னா, அது வேற யாரோன்னு நினைச்சுக் கோப்பைத் தரமாட்டாங்கடி. எழுது." ஸெனபெச் சற்று யோசித்தாள். முகம் வெளிறியது. "ஐயோ, மூணு பேர் விட்டுப்போச்சு. பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்ட அம்மா கூப்பிட்டது..."

"அடியே, உன்னைக் கூப்பிடாதவங்க யாராவது உண்டா அந்த ஊர்ல?"

"அயலேவ்" என்றாள் ஸெனபெச்.

பதினேழு எழுதி அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் கோரிக்கை கிடைத்தது, வரிசையில் உங்கள் இடம் 28,417. அந்த ஞாயிறு கோயிலில் ஸெனபெச் தனக்காக வேண்டிக்கொள்ளவில்லை. தனக்கு முன்னால் நிற்கும் இருபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு பேருக்கும் சீக்கிரம் நல்லது நடக்கட்டும் என்று வேண்டினாள். பெரிய வேண்டுதல்தான். அடுத்த மாதம் பார்த்தபோது இருபத்தேழு பேருக்கு நடந்திருந்தது.

பாஸிகா, அதாவது ஈஸ்டர், வந்தது. ஐம்பத்தைந்து நாள் விரதம் முடித்துக் கோழிக்குழம்பு பொங்கிய வாசனையில் சிந்தாயெஹு பஸ்ஸை மறந்தாள். அதைவிட முக்கியம், அடுக்குமாடிக் கமிட்டி தெஃபெராவையே காவல்காரராக நியமித்துவிட்டது. பகல் முழுக்க அவர் கீழே இருந்தார். பிள்ளைகள் சமையலறையிலிருந்து மீண்டும் அறைக்கு வந்தன. ஆனாலும் ஒவ்வொரு போனிலும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்ததை ஸெனபெச் கவனித்தாள். ராஜா என்ன சொன்னார் என்று இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை. "அங்க குளிரா?" என்று மட்டும் கேட்பார்.

*

வரிசை எப்படித் திடீரென்று நகர்ந்ததோ, ஏழு மாதம் கழித்து உறைக்குள் ஒரு குறுந்தகடு வந்தது. வட்டமாக, பளபளவென்று, அவளுடைய முழு வாழ்க்கை. அதைப் போட்டுப் பார்க்கும் வசதியுள்ள கணினி, தெரிந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான் இருந்தது. கார் நிறுத்தத்தின் அடித்தள அலுவலகத்தில், மேலாளர் தூக்கிப் போட மறந்த கணினி. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து, தோசை போன்ற இஞ்செராவைப் பிட்டு ஒருத்திக்கு ஒருத்தி ஊட்டிக்கொண்டே திறந்தார்கள்.

இருநூற்று அறுபத்து மூன்று பக்கம். முதலில் லாட்டரிக்கு அனுப்பிய படம். யாரோ பின்னாலிருந்து ஊசி குத்தியது போல விழித்துக்கொண்டிருந்தாள். அடுத்து, விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் அவளுடைய நுரையீரல்.

"அழகா இருக்குடி" என்றாள் ஹிருத். "மிந்த்வாப்போட நுரையீரலா?"

பிறகு லெம்மாவின் தனித்தாள் வந்தது. ஓரத்தில் கையெழுத்துக் குறிப்புகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மையில், ஒவ்வோர் அதிகாரியின் கையில்.

முதல் குறிப்பு: பதினான்கு மாற்றுப் பெயர்கள். ஏன்?

அதற்குக் கீழே: குடும்பமா? கும்பலா?

அதற்கும் கீழே, பச்சை மையில்: பதினான்கு பேருக்கும் கைரேகை ஒன்றுதான்.

கடைசியாக, மிகச் சிறிய எழுத்தில்: அப்படியானால் விண்ணப்பித்தது யார்?

அதற்குப் பிறகு மூன்று வரி கறுப்பு மை பூசி மறைக்கப்பட்டிருந்தது. ஹிருத் நாற்காலியிலிருந்து தரைக்கு வழுக்கிப்போய், தரையிலிருந்தபடியே சிரித்தாள். மேலே வெளிவாசலில் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"கறுப்புல என்னடி இருக்கும்?"

"'அம்மா தாயே, காப்பாத்து'ன்னு எழுதியிருப்பான், பாவம்."

ஸெனபெச் சிரிக்கவில்லை. அடுத்த பக்கங்களைத் தட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெயரையும் தனித்தனிப் பெண்ணாக நினைத்து, தனித்தனிச் சீட்டு போட்டு, குற்றப் பதிவு உண்டா என்று தேட அனுப்பியிருந்தார்கள். எனாத்தலெம், குற்றமில்லை. தின்க்னேஷ், குற்றமில்லை. எல்லோரையும் மிஞ்சின பெலெத்ஷாச்சுகூடக் குற்றமில்லை. பன்னிரண்டு பெண்கள் சுத்தமாகத் திரும்பி வந்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் வரவில்லை.

வலத்த மரியம் என்ற சீட்டில், "இதே பெயரில் 3,112 பேர். தேடல் தொடர்கிறது."

மாமித்தே என்ற சீட்டில், "தேடல் தொடர்கிறது. முடிவு தெரியவில்லை. முடியுமா என்றும் தெரியவில்லை."

ஸெனபெச் இஞ்செராவைக் கீழே வைத்தாள். ஊரில் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பெண்களில் பாதிப்பேர் வலத்த மரியம். சட்டை போட்டு நடக்கத் தெரிந்த அத்தனை பெண் குழந்தையும் மாமித்தே. அவர்கள் அத்தனை பேரும் யோக்கியர்கள் என்று தெரிகிறவரை அப்பா அந்த வாசல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்றே போன் போட்டுச் சொன்னாள். தெஃபெரா முழுவதையும் கேட்டார். பிறகு வெடித்தார்.

"நான் வச்ச பேர்ல ஏதாவது கோளாறு உண்டா?"

"இல்லை, அபாயே. உங்க பேர் சுத்தம்."

"கேட்டியா தெரெஜே, என் பேர் சுத்தமாம்! அப்பவே சொன்னேன், ஒரு பிள்ளைக்கு ஒரு பேர் போதும்னு. உங்க பெரியம்மா கேட்டாளா? என் தங்கச்சி கேட்டாளா? பக்கத்து வீட்டுக்காரிய வெறுப்பேத்த வச்ச பேரு, இப்போ அமெரிக்காவையே வெறுப்பேத்துது!"

மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட ஆரம்பித்தார்கள். அவரவர் வைத்த பெயருக்கு என்ன தீர்ப்பு வந்தது என்று தெரிய வேண்டுமாம். சுத்தம் என்று கேட்டவர்கள் பெருமைப்பட்டார்கள். ரொட்டிக்காரம்மாவின் மகள், "எங்க அம்மா வச்ச பேரை அங்க வெள்ளைக்காரன் சரியா உச்சரிச்சானா?" என்று கேட்டாள்.

*

குடியுரிமை அலுவலகத்தில் முன்பதிவு செய்துகொண்டு நேரில் போனாள். ஒன்றரை மணி நேரம் ஹிருத் கார் ஓட்டினாள். வழி முழுக்க, "குறைச்சுப் பேசு, குறைச்சுப் பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உள்ளே போகும்போது ஸெனபெச்சின் கையில் அச்செடுத்த இருநூற்று அறுபத்து மூன்று பக்கம் இருந்தது. நுரையீரலையும் விடவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கனத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டையில் ரோபிசோ என்று பெயர்ப்பட்டை போட்ட அம்மா. லூசியானாக்காரி. கணினியில் எண்ணைத் தட்டியதும் அவள் புருவம் ஏறியது.

"ஓ" என்றாள். "நீங்கதானா அது? உங்களைப் பத்தி இங்க பேசிக்குவாங்க." பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிடப் போனவள், அடக்கிக்கொண்டாள். "மேடம், இந்தப் பதினாலு பேர்ல நீங்க யாரு?"

"எல்லாமே நான்தான்."

"அது எப்படி?"

குறைச்சுப் பேசு என்று ஹிருத் சொன்னது காற்றோடு போனது. ஸெனபெச் சொன்னாள். மழையைச் சொன்னாள், பெரியம்மாவைச் சொன்னாள், சுவருக்கு அப்பால் இருந்த குழந்தையைச் சொன்னாள், மாமியார் வாசலைச் சொன்னாள். ரொட்டிக்காரம்மாவுக்கு வந்தபோது ரோபிசோ கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"உங்களை வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள் ஸெனபெச்.

"என்னையா?" ரோபிசோ இருபுறமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அம்மா பீச்சஸ்னு கூப்பிடுவாங்க. அத்தைங்க டீ-டீ. தாத்தா இருந்தவரைக்கும் மிஸ் வாத்து. நடை அப்படி."

"இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டப்போ அதெல்லாம் எழுதினீங்களா?"

"பைத்தியமா எனக்கு?"

"பாருங்க" என்றாள் ஸெனபெச். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுதாத நீங்க ஜன்னலுக்கு உள்ள இருக்கீங்க. எழுதின நான் வெளியில நிக்கிறேன். எங்க அப்பா அதுக்கும் வெளியில, நாலு மாடிக்குக் கீழ ஒரு நாற்காலில உட்கார்ந்திருக்காரு. எண்பதாயிடுச்சு. ரெண்டே மாசம்னு சொல்லி வந்தவரு, மேடம்."

ரோபிசோவின் சிரிப்பு போய்விட்டிருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுத்தாளை எடுத்து ஜன்னலுக்கு அடியில் தள்ளினாள்.

"பாஸ்போர்ட்ல என்ன பேரு?"

"ஸெனபெச்."

"பாங்க்ல, பள்ளிக்கூடத்துல, கல்யாணப் பத்திரத்துல?"

"ஸெனபெச். எல்லாத்துலயும்."

"மத்த பேர்ல எப்பவாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"இல்லை. கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான்."

"அதை அப்படியே எழுதுங்க. கீழ கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து, புரியுதா?" சற்று நிறுத்தி, "நகல் கேட்ட படிவத்துல இப்போ மூணு புதுசா வந்திருக்கே, அதையும் சேர்த்து எழுதிடுங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தாள். ரோபிசோ முத்திரையை ஓங்கிக் குத்தினாள். வெளியே வந்ததும் ஹிருத், "எவ்வளவு பேசின?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்தான்."

"ஒண்ணேகால் மணி நேரம் உள்ள இருந்தியேடி!"

இருபத்தாறாம் நாள் நேர்காணல் கடிதம் வந்தது. அன்றைக்குப் பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. குடிகாரியா, கடத்தல்காரியா, ராஜ குடும்பமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்த இளம் அதிகாரி, "பேர் விஷயம்..." என்று ஆரம்பித்து, கோப்பின் மேலே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்துவிட்டு, "வேண்டாம்" என்று தானே பக்கத்தைத் திருப்பினான். ஸெனபெச் நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் ரத்தம்கூட வந்தது.

சத்தியம் செய்த நாளில் லெம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "விண்ணப்பம் நான் நிரப்பினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளே அவள் அப்பாவுக்கு விண்ணப்பம் போட்டாள். அதில் அப்பாவுக்கு வேறு பெயர் உண்டா என்ற கேள்வி வந்தபோது பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. தெருவில் அவரை எப்படியெல்லாம் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் முதுகுக்குப் பின்னால். இல்லை என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய்க் காபி போட்டுக் குடித்தாள்.

அதற்கப்புறமும் பதினெட்டு மாதம் ஆனது. மருத்துவச் சோதனை, தூதரகம், விடுபட்ட ஒரு தாள், மறுபடி தூதரகம். தெஸ்ஸி பேருந்தில் ஏறி மூன்று வருடமும் எட்டு மாதமும் கழித்து, ஒரு மே மாதக் காலையில் தெஃபெராவின் விமானம் ஸெனபெச்சின் ஊருக்குப் பக்கத்து டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கியது. ஸெனபெச்சும் ஹிருத்தும் பூவோடு நின்றார்கள். அந்த விமானத்தில் வந்த அத்தனை பேரும் வெளியே வந்து, கட்டிப்பிடித்து, அழுது, வீட்டுக்கும் போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஸெனபெச் பூவோடு எட்டிப் பார்த்தாள். "திருப்பி அனுப்பிட்டாங்களோ? ஏதாவது பேசியிருப்பாரோ?" என்று ஹிருத்தின் கையைப் பிழிந்தாள்.

அப்போதுதான் போனில், தெரியாத எண்ணிலிருந்து, அவர்கள் பாஷையிலேயே ஒரு குரல் செய்தி வந்தது.

"எத்தியே, வணக்கம். என் பேரு பெக்கெலெ. இங்க சக்கர நாற்காலி தள்றவன். உங்க அப்பா உள்ளதான் இருக்காரு, நல்லா இருக்காரு, முத்திரை எல்லாம் குத்தியாச்சு, ஒண்ணும் பயப்படாதீங்க. நடக்க முடியும்னுதான் சொன்னாரு, நான்தான் மரியாதைக்கு உட்காரச் சொன்னேன். அதுதான் தப்பாப்போச்சு. ரெண்டு தடவை வெளிக்கதவு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்துட்டேன், எத்தியே. ரெண்டு தடவையும் 'இன்னொரு சுத்து போ'ங்கிறாரு. எனக்கு அடுத்த விமானம் வந்துடுச்சு. நீங்க கதவுக்கிட்ட வந்து நின்னு, கொஞ்சம் சத்தமா, இறங்கச் சொல்லுங்க."